இன்னைக்கு ரசஞ்சாதம்தான்!

"வேலை நெருக்குகிற நாளில் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்து ஒப்பேற்றுகிறீர்கள்?" என்று போன இதழில் நம் அந்தமான் வாசகர்களிடம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, தப்புச் செய்துவிட்டு ஒப்புக்கொள்கிற குரலில் இருக்கின்றன. எழுதியவர்களில் ஆண்கள் இரண்டே பேர். இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. கீழே வரும் பதில்களில் அந்த உறுத்தல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: காலை ஏழு மணிக்குள் மூன்று பேரைக் கிளப்பிவிட்டு நானும் ஆபீஸ் ஓட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்குப் பருப்புப்பொடி சாதமும் நெய்யும்தான். பக்கத்து வீட்டிலிருந்து தினமும் கூட்டு, பொரியல் வாசனை வருகிறது. நான் மோசமான அம்மாவா அக்கா? (ஜங்லிகாட்டிலிருந்து ஓர் அம்மா)

பதில்: இல்லை. துவரம்பருப்பையும் மிளகையும் பூண்டையும் வறுத்து அரைத்த பொடி, சுடுசோறு, மேலே ஒரு ஸ்பூன் நெய். இதில் எங்கே மோசம்? அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் வளர்கிற பிள்ளைக்கு வேண்டிய புரதம் ஒழுங்காகக் கிடைக்கும். நம் பாட்டிமார்களுக்கு லைசின் தெரியாது; கணக்கு தெரிந்திருந்தது.

தட்டில் இல்லாதது காயும் பழமும். அதற்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம், இல்லாவிட்டால் முந்தின ராத்திரியே நறுக்கி டப்பாவில் போட்ட பப்பாளி நாலு துண்டு. தீர்ந்தது. பக்கத்து வீட்டு வாசனை பக்கத்து வீட்டுக்கு. அங்கே எத்தனை கைகள் அடுப்படியில் நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது.

*

கேள்வி: ரவா உப்புமா செய்தால் "சோம்பேறிச் சமையல்" என்கிறார் மாமியார். பிள்ளைகளும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். (டெலானிபூரிலிருந்து ஒரு மருமகள்)

பதில்: மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தமிழ்நாடு அரசு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் வகுத்த பட்டியல் என்ன தெரியுமா? உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். காலையில் நூறு பிள்ளைகளுக்குச் சூடாக, ஒரே மாதிரி, நேரத்துக்குப் போட்டாக வேண்டும் என்றதும் ஓர் அரசாங்கமே ரவையின் பக்கம்தான் போனது.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்று தட்டுப்பாடு வந்தபோது, பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டலில் அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டுப் பார்த்ததில்தான் ரவா இட்லி பிறந்தது என்று அந்த ஓட்டல்காரர்களே சொல்கிறார்கள். நெருக்கடியில் கைகொடுத்த தானியம் அது. உங்கள் பக்கம் ஒரே ஒரு வேண்டுகோள்: உப்புமாவில் காயை வாசனைக்குப் போடாமல் கை நிறையப் போடுங்கள். கேரட், பீன்ஸ் இல்லாவிட்டால் முருங்கைக்கீரை ஒரு பிடி. ரவை மட்டும் தனியாக வயிற்றுக்குப் போனால் பத்து மணிக்கே மறுபடி பசிக்கும்.

*

கேள்வி: காலையில் பாலும் நாலு பிஸ்கட்டும் போதுமா? (கராச்சர்மா வாசகி)

பதில்: பால் சரி. பிஸ்கட் வேண்டாம், அது மைதாவும் சர்க்கரையும். அதே நேரத்தில் அவலைக் கழுவிப் பாலில் போட்டால் அதுவே ஊறிவிடும்.

*

கேள்வி: மனைவி தன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சென்னைக் கப்பல் ஏறிவிட்டாள். வர மூன்று வாரம் ஆகும். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. எனக்கு வெந்நீர் வைக்க மட்டும் தெரியும். நான்கு நாளாக ஓட்டல் பார்சல்தான் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. (பம்பூஃபிளாட்டிலிருந்து ஓர் அப்பா)

பதில்: எழுதிக் கேட்டதற்கு முதலில் நன்றி தம்பி. இரண்டே ஆண்கள் என்றேனே, அதில் ஒருவர் நீங்கள்.

வெந்நீர் வைக்கத் தெரிந்தால் முட்டை அவிக்கத் தெரியும். சோறு வடிக்க ரைஸ் குக்கருக்குத் தெரியும். ஆகவே பாதிச் சமையல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மீதிக்கு ஒரே ஒரு சாப்பாட்டைச் சொல்லித் தருகிறேன். அதை நன்றாகச் செய்யப் பழகுங்கள்.

சோற்றை வடித்துத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய். காய்ந்ததும் கொஞ்சம் சீரகம். அது வெடித்து மணம் வந்த பிறகு, பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம். அவசரப்படாதீர்கள். வெங்காயம் முதலில் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் ஓரத்தில் பொன்னிறம் தட்டும். அப்போது மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, மூன்று முட்டையை உடைத்து ஊற்றுங்கள். ஊற்றிய உடனே கிளறினால் முட்டை பொடிப்பொடியாகிச் சோற்றில் காணாமல் போய்விடும். ஓரம் வெள்ளையாகத் திரண்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பிறகு கரண்டியால் பெரிய பெரிய துண்டாக உடைத்து, ஈரம் முழுக்க வற்றும்வரை புரட்டுங்கள். இப்போது சோறு, உப்பு, மிளகுத்தூள். இரண்டு புரட்டு. இறக்கிவிடலாம். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் அந்த வேளைக்கு நல்ல சாப்பாடு.

வயிறு சரியாகும்வரை ராத்திரிக்குக் குழைந்த சோறும் தயிரும் போதும். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன்பே காய்ச்சலோ, பிள்ளை சோர்ந்து போவதோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். சமைக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். மகனை விட்டுவிடாதீர்கள், அவனும் உரிக்கட்டும். மனைவி கப்பலைவிட்டு இறங்குகிற அன்று நீங்கள்தான் சமைத்திருக்க வேண்டும். அதற்கு மறுநாளும் நீங்களே சமைத்தால் இன்னும் சந்தோஷம்.

*

கேள்வி: கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது. சமைப்பதைவிடப் பாத்திரம் கழுவத்தான் பயமாக இருக்கிறது. அதற்காகவே பல நாள் பிரெட்டும் ஜாமும் கொடுத்துவிடுகிறேன். சரியா? (பிரோத்ராப்பூர்)

பதில்: நம் ஊருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை வற்றத் தொடங்கினால் நம் எல்லார் வீட்டு அடுப்படியும் மாறிவிடும். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொன்னாலும் புரியாது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்கிறீர்களே என்பார்கள். பாத்திரத்துக்குப் பயந்து எளிய சாப்பாடு போடுவதில் தப்பே இல்லை. ஆனால் ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை. தினமும் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை.

கோயம்புத்தூர்ப் பக்கத்து அரிசிப்பருப்பு சாதத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. குக்கரிலேயே எண்ணெய் விட்டுத் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மஞ்சள்தூள் போட்டு வதக்கி, மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். மூன்று விசில். கழுவ வேண்டியது ஒரு குக்கர், ஒரு கரண்டி. தட்டுக்கு வாழை இலை. கொல்லையில் பாக்கு மரம் நிற்கிற வீடு என்றால் பாக்குமட்டை. அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் கறிவேப்பிலைச் செடிக்கு விடுங்கள்.

*

கேள்வி: என் மகன் தினமும் மேகி கேட்கிறான். வாரம் எத்தனை நாள் கொடுக்கலாம்? (ஹாடோ வாசகி)

பதில்: ஒரு நாள். அதுவும் கடையில் கிடைக்கிறபடியே வேண்டாம். 1983 வாக்கில் இந்தியக் கடைகளுக்கு வந்த பாக்கெட் அது. 'இரண்டு நிமிடம்' என்ற அந்த ஒரு வாக்கு, நேரம் இல்லாத அம்மாக்களைப் பார்த்துச் சொன்னது. அந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி.

பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. பெரியவருக்கே ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை உங்கள் மகனையே போடச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆச்சு. அந்த ஒரு நாளில் மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி காயும் சேர்த்துக் கொடுங்கள்.

*

கேள்வி: எங்கள் சிறுவயதில் கச்சாலில் அம்மா இருட்டோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார். எங்களுக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருப்பார். அறுபதை நெருங்கும் இந்த வயதிலும் அதுதான் எனக்குப் பிடித்த சாப்பாடு. உங்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டா? (இப்போது ஸ்ரீவிஜயபுரத்தில் இருக்கும் ஒரு தாத்தா)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் ஐயா. இடம் உண்டு, அதுவும் முன்வரிசையில்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின், இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு, ரப்பர் தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டன. ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும்; சூடு ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே அந்த அம்மாக்களுக்கு விடியற்காலை என்பது அடுப்படியில் நிற்கிற நேரமே இல்லை.

தேங்காய் ரொட்டிக்கு மாவு புளிக்க வேண்டாம், ஆட்டுக்கல் வேண்டாம். கோதுமை மாவு, அதில் பாதி அளவு துருவிய தேங்காய், உப்பு, கை பொறுக்கும் வெந்நீர். பிசைந்து உருட்டி, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டால் தேங்காயின் எண்ணெய் கசிந்து அதுவே ரொட்டியைச் சிவக்க வைக்கும். ஆறினாலும் சப்பாத்தி மாதிரி விறைக்காது. அதனால்தான் மூடி வைத்துவிட்டுப் போக முடிந்தது. சம்பலுக்குத் தேங்காய், காய்ந்த மிளகாய், வெங்காயம், உப்பு, எலுமிச்சைச் சாறு; கிடைத்தால் மாசிக் கருவாடு. தேங்காய்க்கு நம் தீவுகளில் பஞ்சம் இல்லை. இந்த வாரம் என் வீட்டிலும் அதுதான்.

உங்கள் அம்மா அதை அவசரச் சாப்பாடு என்று நினைத்து எத்தனை நாள் மனம் சங்கடப்பட்டாரோ! நீங்கள் அதை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருக்கிறீர்கள்.

*

கேள்வி: மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. ஆறு மணிக்குப் பிள்ளைகள் பசி என்கிறார்கள். எட்டு மணிவரை நொறுக்குத்தீனி கொடுத்துச் சமாளிக்கிறேன். (ரங்கத் வாசகி)

பதில்: சமாளிக்காதீர்கள், ஆறரைக்கே சோறு போட்டுவிடுங்கள். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பது 92-ஐத் தாண்டி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று பார்த்தால் சூரியன் நமக்குக் கடிகாரத்தைவிடச் சுமார் 40 நிமிடம் முன்னால் ஓடுகிறது. சென்னையைவிட 50 நிமிடம். பிள்ளையின் வயிறு சூரியனைப் பார்க்கிறது. நீங்கள் சென்னைக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்.

மத்தியானக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருந்தால் அதையே கொதிக்கவைத்துப் போடுங்கள். ராத்திரிக்குப் புதிதாகச் சமைத்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

*

கேள்வி: காலை ஆறு மணிக்கு வடித்த சோற்றையே பிள்ளைகள் பள்ளிவிட்டு இரண்டு மணிக்கு வந்து சாப்பிடுகிறார்கள். நாங்கள் இருவரும் வேலையில் இருப்போம். பரவாயில்லையா? (மாயாபந்தர்)

பதில்: இந்த ஒரு கேள்விக்கு நான் கறாராகத்தான் பதில் சொல்வேன். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வடித்த சோறு எட்டு மணி நேரம் வெளியே கிடக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாமல் தங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரத்தில் அவை பெருகி நஞ்சை விடும். அதில் ஒருவகை நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் போகாது.

வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வந்ததும் சூடாக்கத் தெரிந்த வயது என்றால் அவர்களே சூடாக்கட்டும். அல்லது காலையிலேயே புளிசாதமாகக் கிளறிவிடுங்கள். யாத்திரைக்குக் கட்டுச்சோறு என்றால் முன்னோர் புளிசாதம் கட்டியது சும்மா இல்லை, புளிப்பில் கிருமி எளிதில் பெருகாது. கரண்ட் அடிக்கடி போகிற நாளில் சோற்றையே விட்டுவிடுங்கள். அவலும் வெல்லமும் கெடாது, தேங்காயைச் சாப்பிடும்போது துருவிக்கொள்ளலாம், அடுப்பும் வேண்டாம்.

*

கேள்வி: சத்துபானப் பொடி போட்டுப் பால் கொடுத்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமாகுமா? (ஹேவ்லாக்)

பதில்: ஆகாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. அந்தப் பணத்துக்குக் கேழ்வரகு மாவு வாங்குங்கள்.

*

கேள்வி: என் பெங்காலித் தோழி உருளைக்கிழங்கை மசித்துச் சோற்றோடு போட்டு வேலையை முடித்துவிடுகிறாள். அவளுக்குத் துளியும் குற்ற உணர்வு கிடையாது. நமக்கு மட்டும் ஏன்? (திக்லிபூர்)

பதில்: நல்ல தோழி. அது ஆலு சேத்தோ பாத். அரிசி வேகிற பானையிலேயே உருளைக்கிழங்கும் வெந்துவிடும். கடுகெண்ணெய், பச்சை மிளகாய், உப்பு போட்டுப் பிசைவார்கள். ஒரு முட்டையும் அதே பானையில் வேகும். தெலுங்கு வீட்டில் பருப்புப்பொடிச் சோறும் ஆவக்காயும், மலையாளி வீட்டில் கஞ்சியும் பயறும். நம் ஒரு தெருவிலேயே நாலு மொழியில் அவசரச் சாப்பாடு இருக்கிறது. கடல் தாண்டினாலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1937-இல், கையில் காசு இல்லாத காலத்தில், பெட்டியில் அடைத்த மக்ரோனியும் சீஸ் பொடியும் விற்பனைக்கு வந்தன; அதைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் இப்போது தாத்தா பாட்டிகள்.

நமக்கு ஏன் குற்ற உணர்வு? சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் என்று விருந்துநாள் இலையை அன்றாட அளவுகோலாக வைத்துக்கொண்டோம். அந்த இலைக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் நாள் முழுக்க அடுப்படியில் நின்றார்கள். இன்றைக்கு நிற்பது ஒரே ஒருத்தி, அவளும் எட்டரைக்கு வேலையில் இருக்க வேண்டும். அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும்.

*

கேள்வி: கப்பல் தாமதம், தக்காளி விலை ஏறிவிட்டது. ரசம்கூட வைக்க முடியவில்லை. (ஜங்லிகாட்)

பதில்: புளி இருக்கிறதே! மிளகு ரசத்துக்குத் தக்காளி தேவையே இல்லை.

*

கேள்வி: எங்க அம்மா நர்ஸ். நைட் டியூட்டி போற அன்னிக்கு எல்லாம் தயிர்சாதமும் ஊறுகாயும்தான். "ஸாரிடா கண்ணு, இன்னைக்கும் தயிர்சாதம்தான்"னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்குத் தயிர்சாதம் ரொம்பப் பிடிக்கும். ஆனா சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எப்படிச் சொல்றது அத்தை? (ஹட்பே, ஐந்தாம் வகுப்பு)

பதில்: நீ எழுதினதை ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே அச்சுல போட்டிருக்கேன் கண்ணு. காலையில அம்மா டியூட்டி முடிஞ்சு வந்ததும் இந்தப் பக்கத்தைப் பிரிச்சு அவங்க கையில குடு. அச்சுல வந்தா நம்புவாங்க.

அப்புறம் ஒண்ணு. அடுத்த தடவை நீ சாப்பிடறதுக்கு முன்னாடியே ஒரு கிண்ணம் தயிர்சாதம் தனியா எடுத்து மூடி ஃப்ரிட்ஜில வை. ராத்திரி பூரா நின்னுட்டு அவங்க பசியோடதான் வருவாங்க.